என்ன கூட்டம் என்று கேட்பவர்களுக்கு

(கொங்கு வேளாளர் மரபுகள் குறித்த ஓர் உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று கேட்கும் இளைஞர்களே, வணக்கம்.

கொங்கு நாட்டில் முன்பின் அறியாத இரண்டு வேளாளர்கள் பேருந்தில் அருகருகே உட்கார்ந்தால், பத்து நிமிடத்திற்குள் ஒருவர் மற்றவரிடம் "நீங்கள் என்ன கூட்டம்?" என்று கேட்டுவிடுவார். கூட்டம் என்றால் இங்கே குலம். ஓதாளன், பயிரன், செங்கண்ணன், பனங்காடை, ஈஞ்சன், பொருளந்தை என்று ஏதாவது ஒரு பதில் வரும். அடுத்து, "காணி எது?" என்ற கேள்வி. இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் பங்காளியா, மாமன் மச்சானா என்பது தெரிந்துபோகும். பங்காளி என்றால் பேச்சு கோயில் வரிக்குப் போகும்; மாமன் மச்சான் என்றால் கேலிக்குப் போகும்.

இப்போதெல்லாம் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான் என் குறை. கூட்டத்தின் பெயர் வண்டியின் பின்புறக் கண்ணாடியில் ஏறிவிட்டது. காணியின் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. காணி இல்லாத கூட்டம் வெறும் பெயர்தான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

காணி என்றால் பரம்பரையாக வரும் நில உரிமை. சோழர் காலக் கல்வெட்டுகளிலிருந்தே இந்தப் பொருளில் புழங்கும் சொல் அது. கொங்கில் ஒரு கூட்டத்துக்குக் காணி என்றால் அந்த ஊரில் நிலம், நிலத்தோடு தண்ணீர், ஊர்க்கோயிலில் முதல் மரியாதை, அந்தக் கோயிலைப் பழுது பார்க்கும் கடமை, எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு. பூந்துறை நாடு, காங்கய நாடு, தென்கரை நாடு, வாரக்கா நாடு, ஆனைமலை நாடு என்று இருபத்துநான்கு நாடுகளாகக் கொங்கைப் பிரித்துச் சொல்வது மரபு. அந்த நாடுகளுக்குள் எந்தக் கூட்டத்துக்கு எந்த ஊர் காணி என்பதைப் பாட்டாகவே கட்டி வைத்தார்கள். காணிப்பாடல்கள் என்று பெயர். ஏடுகளிலும் செப்பேடுகளிலும் சிதறிக் கிடந்த இந்தச் செய்திகளை ஊர் ஊராக அலைந்து தொகுத்தவர் புலவர் செ. இராசு. அரச்சலூர் மலையில் இசைக் கல்வெட்டைக் கண்டறிந்தவரும் அவர்தான். அவர் உழைப்பு இல்லையென்றால் இன்று இந்த மேடையில் நான் பேசுவதற்குப் பாதிச் செய்தி இருக்காது.

கூட்டங்கள் எத்தனை என்று கேட்டால் அறுபது என்பார்கள், எண்பது என்பார்கள், நூறைத் தாண்டிய பட்டியல்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆந்தைக் கூட்டம் என்றால் ஆந்தைப் பறவையை நினைத்துக்கொள்கிறோம். ஆதன் தந்தை 'ஆந்தை' ஆகும், பூதன் தந்தை 'பூந்தை' ஆகும் என்பது தொல்காப்பியப் புணர்ச்சி இலக்கணம். சாத்தன் தந்தை சாத்தந்தை ஆவதும் அதே வழிதான். ஆக, சில கூட்டப் பெயர்கள் யாரோ ஒரு தகப்பனின் பெயர். அதற்காக, அந்துவன் என்ற பெயர் சேரர் வரிசையில் இருக்கிறது, ஆகவே அந்துவன் கூட்டத்தார் அனைவரும் சேர இளவரசர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயர் ஒன்றாக இருப்பது வம்சம் ஒன்று என்பதற்குச் சான்று ஆகாது. எல்லோரும் அரசர் வழி என்றால் ஏர் பிடித்தது யார்? 1975-ல் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தபோது மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டோம். ஆண்ட பரம்பரை என்ற சுவரொட்டியை மட்டும் இன்னும் கிழிக்கவில்லை. கூட்டப் பெயரைக் கௌரவமாகத் தாங்கியவர் என்றால் எனக்குப் பெரியசாமித் தூரன்தான் நினைவுக்கு வருகிறார். தூரன் என்பது அவர் கூட்டம். அந்தப் பெயரோடுதான் தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தார்.

கூட்டம், காணி, தண்ணீர் மூன்றும் ஒன்றாக இருந்த காலத்துக்கு ஓர் ஆளைக் காட்ட வேண்டுமென்றால் காலிங்கராயனைக் காட்டலாம். வெள்ளோட்டுச் சாத்தந்தைக் கூட்டத்தைச் சேர்ந்தவர். 13ஆம் நூற்றாண்டில் பாண்டியரிடம் உயர்ந்த பதவியில் இருந்தவர். காலிங்கராயன் என்பது அவர் பெற்ற பட்டப்பெயர். காவிரியோடு கூடுவதற்குச் சற்று முன்னால் பவானியைத் தடுத்து அணை கட்டி, ஈரோட்டின் வழியாகக் கொடுமுடிப் பக்கம் நொய்யலில் சேரும்படி வாய்க்கால் வெட்டினார். சுமார் 90 கிலோமீட்டர் நீளம். நேராகப் போயிருந்தால் அவ்வளவு தூரம் ஆகாது. மேட்டு நிலத்திலேயே தண்ணீர் நிற்க வேண்டும், முடிந்த அளவு காடு வயலாக வேண்டும் என்பதற்காக வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். பாம்பு ஊர்ந்து வழி காட்டியது என்கிறது கதை. மட்டம் பார்க்கத் தெரிந்த ஒருவர் பாம்புக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

வாய்க்கால் வெட்டத் தூண்டியது எது என்பதற்கும் செவிவழிக் கதை இருக்கிறது. உறவினர் வீட்டுக்கு அவர் விருந்துக்குப் போனபோது, எந்த அரிசியைச் சமைப்பது என்று சமையற்காரர் கேட்டாராம். "கம்பு விளையும் நாட்டுக்காரருக்கு அரிசியில் வித்தியாசம் தெரியவா போகிறது, எதையாவது போடு" என்று உள்ளிருந்து பதில் வந்ததாம். கேட்டுக்கொண்டிருந்தவர் தம் நாட்டில் நெல் விளைவித்தே தீருவேன் என்று சபதம் செய்தாராம். சம்பந்தம் பேசப் போன இடத்தில் முகம் வாடித் திரும்பிய எவருக்கும் இந்தக் கதை நம்பக்கூடியதாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது கதையின் பின்பாதி. தன் குடும்பத்துக்காக வெட்டிக்கொண்டான் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, என் வழியினர் இந்தத் தண்ணீரைப் பயன்படுத்த மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோனார் என்கிறார்கள். இன்று அவருக்கு மாலை போடும் நாம், ஈரோட்டில் அதே வாய்க்காலில் சாயக் கழிவையும் தோல் கழிவையும் கலக்க விட்டோம். நொய்யலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூரின் சாயநீருக்குத் தொட்டியாகிப்போனது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை போனது விவகாரம். அந்தப் பட்டறைகளை நடத்தியவர்களில் நம் கூட்டத்தார் இல்லையா? அணைக்குக் கீழே தென்னை பட்டுப்போய் நின்றவர்களும் நம் கூட்டத்தார்தானே? பங்காளி பங்காளியின் காணியைக் கெடுத்தான். எந்தக் குலதெய்வக் கோயில் கூட்டத்திலும் இதை யாரும் எழுந்து கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இனிக் கல்யாணத்துக்கு வருகிறேன். நம் மரபு இன்னும் உயிரோடு இருக்கும் இடம் அதுதான். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை; எவ்வளவு தூரத்தில் பிறந்திருந்தாலும் பங்காளி மகள் தங்கைதான். சீர்களை நடத்துபவர் அருமைக்காரர். அவர் புரோகிதர் இல்லை. மனைவி மக்களோடு வாழ்ந்து, அதற்குரிய சடங்கைச் செய்துகொண்டு தகுதி பெற்ற நம்மைப் போன்ற ஒரு குடியானவர். நாட்டுக்கல் வழிபாடு என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை ஊர் எல்லையில் இருக்கும் நாட்டுக்கல்லுக்குப் போய் வணங்கி, இந்த நாட்டார் சாட்சியாகத் திருமணம் செய்கிறேன் என்று தெரிவிப்பது. இப்போது மண்டபத்தில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு கல்லை வைத்து அதையே நாட்டுக்கல் என்கிறோம். நாடும் இல்லை, நாட்டாரும் இல்லை. ஒளிப்படக்காரர் மட்டும் தவறாமல் இருக்கிறார்.

இந்தச் சீர்களில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இணைச்சீர். தாலி கட்டுவதற்கு முன், மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச்சேலையோடு அவன் பக்கத்தில் வந்து நிற்கிறாள். சேலைத் தலைப்பால் இருவரும் இணைக்கப்படுகிறார்கள். நாளை உனக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் உறவு உண்டு என்று அண்ணனிடம் தங்கை வாங்கும் உறுதி அது என்பார்கள். மனைவி வருவதற்கு முன்னால் தங்கையின் பங்கு உறுதி செய்யப்படுகிறது. பிற்பாடு அவளுக்கு எழுதிங்கள் சீர் என்று தாய்வீட்டார் வந்து செய்கிறார்கள். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியரைப் பற்றிய நாட்டுப்புறக் கதையான அண்ணமார் கதையிலும் இதே உறவுதான் நடுநாயகம். இருவரும் படுகளத்தில், அதாவது போர்க்களத்தில், விழுந்த பிறகு, தேடி வந்து அவர்களை எழுப்புபவள் தங்கை அருக்காணி. வீரப்பூரில் மாசித் திருவிழாவில் அதைக் கண்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள்.

இவ்வளவு சீர் செய்த சமூகம் அந்தத் தங்கைக்கு நிலம் கொடுத்ததா? கொடுக்கவில்லை. "அவளுக்குத்தான் ஆயுள் முழுக்கச் சீர் செய்கிறோமே" என்ற சொல்லே அவள் பங்கை அடைக்கும் கதவாயிற்று. 1989-ல் தமிழ்நாடு சட்டம் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம உரிமை தந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. அதற்குப் பிறகு பத்திரப்பதிவு அலுவலக வாசலில், தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அழைத்து வரப்படும் அக்காள் தங்கைகளை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். இணைச்சீரில் அவளோடு சேலைத் தலைப்பால் இணைந்து நின்ற அதே அண்ணன்தான் பேனாவை நீட்டுகிறான். இப்போது இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட வீடுகளில் இணைச்சீருக்கு நிற்கத் தங்கையே இல்லை. பெரியப்பா மகளையோ சித்தி மகளையோ இரவல் வாங்குகிறோம். பெண் பிள்ளை வேண்டாம் என்று ஒதுக்கிய ஊர்களில், இன்று முப்பத்தைந்து வயது மாப்பிள்ளைகள் ஜாதகத்தோடு மாவட்டம் மாவட்டமாக அலைவதும் இதன் தொடர்ச்சிதான்.

அடுத்து மங்கல வாழ்த்து. கம்பர் பாடியது என்பது மரபு. அதைப் பாடுபவர் நம் கூட்டத்தார் இல்லை. குடிமகன் என்று நாம் அழைத்த நாவிதர்தான் பாடுகிறார். பெண் பார்ப்பது முதல் விருந்து வரை திருமணம் முழுவதையும் அந்தப் பாட்டு வரிசையாகச் சொல்கிறது. எது முன், எது பின் என்று அருமைக்காரருக்கே ஐயம் வந்தால் அந்தப் பாட்டில் விடை இருக்கும். அதாவது, நம் மரபின் நினைவை இத்தனை நூற்றாண்டு காலம் மனப்பாடமாகச் சுமந்தவர் நாம் திண்ணையில் ஏற்றாத மனிதர். மண்பானை குயவர் கொண்டுவந்தார், மாற்றுத்துணி விரித்தவர் வண்ணார். மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளை நினைத்துப் பாருங்கள்: சாலின் அடியில் தைத்த தோல் இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர் அருந்ததியர். அந்தத் தண்ணீரில் விளைந்ததில் களத்துமேட்டில் வள்ளக் கணக்கில் அளந்து கொடுத்துவிட்டு, வீட்டில் தனிக் குவளை வைத்தோம். பண்ணையாளாக அவர் மகனையும் கடனுக்கு எழுதிக்கொண்டோம்.

1960களில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி நம் வாழ்க்கையை ஆராய்ந்தார். அண்ணமார் கதையை உடுக்கடிப் பாட்டுக்காரரிடமிருந்து முழுமையாக ஒலிப்பதிவு செய்ததும் அவர்தான். அந்தக் கதையில் அண்ணமாருக்குத் துணை நின்று போரிடும் சாம்புகன் ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்தவன். வீரப்பூரில் அவனுக்கும் வழிபாடு உண்டு. அவன் வழி வந்த பிள்ளையோடு நம் வீட்டுப் பெண் பேசினாள் என்பதற்காகக் கத்தியை எடுப்பவன் எந்தப் படுகளத்தைக் கும்பிடுகிறான் என்று எனக்குப் புரியவில்லை. கூட்ட மரபில் பங்காளிக்குள் மணம் கூடாது என்ற விதி இருக்கிறது. பெற்ற பிள்ளையைக் கொல்லலாம் என்ற விதி எந்தக் காணிப்பாடலிலும் இல்லை.

பட்டம் பெற்ற நாட்டுத் தலைவர்களான பட்டக்காரர்களைப் பற்றிப் பேசவில்லையே என்று முன்வரிசையில் ஒருவர் சைகை செய்கிறார். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் காங்கேயம் மாட்டு இனத்தைப் பேணி வளர்த்ததை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அந்த மாடு வளர்ந்தது கொறங்காட்டில். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம். மழை குறைந்த நிலத்தில் மாட்டுக்கென்றே ஒதுக்கிய இப்படியொரு மேய்ச்சல் காட்டை வகுத்தது நம் முன்னோரின் அறிவு. இப்போது கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு மனைப்பிரிவுக்குக் கல் நடுகிறோம். அந்த வளாகத்துக்குக் காங்கேயம் காளையின் பெயரை வைக்கிறோம்.

நேரமாகிறது. கோயில் கமிட்டியாரிடம் மூன்று வேண்டுகோள். தலைக்கட்டு வரிப் புத்தகத்தில் ஆண் பிள்ளைகளை மட்டும் எழுதுகிறீர்கள். வரும் ஆண்டு முதல் மணமாகிப் போன மகள்களையும் எழுதுங்கள், வரியையும் வாங்குங்கள், மரியாதையையும் கொடுங்கள். கும்பாபிஷேகத்துக்கு வசூலித்ததில் மீதி இருக்கும் பணத்தில், காணி ஊர்க் குளத்தையும் அதன் வரத்து வாய்க்காலையும் அளந்து ஆக்கிரமிப்பை எடுக்க மனுப் போடுங்கள். ஆக்கிரமித்தவர் பங்காளியாக இருந்தாலும் போடுங்கள். மூன்றாவது, இந்த வட்டாரத்தில் மங்கல வாழ்த்தை ஏடு பார்க்காமல் பாடும் பெரியவர்கள் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களை அழைத்து, மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, உரிய சம்பளம் கொடுத்து, முழுவதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர்களில் ஒருவர் இன்று வந்திருக்கிறார். எனக்கு அடுத்துப் பேச வேண்டியவர் அவர்தான்.