தோளைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பாட்டை வைத்துப் பின்னிய தொடர்களில் நடிப்பு எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் இழுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை மாடுங்காவில் எங்கள் கட்டடத்தில் ஒரு பாட்டு மாமி இருந்தார். டிவியில் யாராவது பாடுகிற மாதிரி நடித்தால் மாமி வாயைப் பார்க்க மாட்டார், தோளைப் பார்ப்பார். "மூச்சே எடுக்கலையே, அப்புறம் எங்கேருந்துடா இவ்வளவு நீள சங்கதி வரும்?" என்பார். சங்கதி என்றால் பாட்டின் ஒரு வரியை விதவிதமாக இழைத்துப் பாடுவது. உண்மைதானே? உதட்டசைவு பழகினால் வந்துவிடும். மேல் ஸ்தாயிக்கு, அதாவது உச்சக் குரலுக்கு, போகுமுன் நெஞ்சு நிறைய வேண்டும், முடித்ததும் தோள் இறங்க வேண்டும். 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் சிவாஜியின் கன்னத்தையும் விரலையும் பார்த்தால் அது ஞாபகத்துக்கே வராது. மாமியும் குறை தேடித் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை!

சரி, தொடருக்கு வருகிறேன். 2020 ஆகஸ்டில் வந்த 'பந்திஷ் பேண்டிட்ஸ்' என்ற இந்தித் தொடர். கதை ஜோத்பூரில். இசை சங்கர்-எசான்-லாய்; சங்கர் மகாதேவன் நம் செம்பூரில் வளர்ந்தவர். கண்டிப்பான குரு ராதேமோகனாக நசிருதீன் ஷா. அவர் பாடுவதைவிட, பிறர் பாடுவதைக் கேட்கும் விதம்தான் என்னைப் பயமுறுத்தியது.

அவரையும் மிஞ்சியவர், மருமகள் மோகினியாக வரும் ஷீபா சட்டா. மோகினி பெரிய பாடகி, கல்யாணத்தோடு பாட்டை விட்டவள். பாடாத பாடகியை எப்படி நடிப்பது? உதட்டசைக்கப் பாட்டே கிடையாதே! ஷீபாவுக்கு அந்த மூச்சு மட்டும் போதுமாக இருக்கிறது. வீட்டு ஆண்கள் பாடும்போது அவரைக் கவனியுங்கள். பெண்ணின் கல்யாணத்தோடு தம்புரா பரணுக்குப் போன வீடுகள் மாடுங்காவிலும் செம்பூரிலும் எத்தனை! அந்தப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒலியை அணைத்துவிட்டு ஒரு பாட்டுக் காட்சியைப் பாருங்கள், யார் நடிக்கிறார், யார் வாயசைக்கிறார் என்று தெரிந்துவிடும். வானொலியில் உட்கார்ந்து ஒலியை அணைக்கச் சொல்கிறேன், நிலையத்தார் மன்னிக்கவும்.

இதே தொடரில் நடித்த அதுல் குல்கர்னியைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. ஒன்றே ஒன்று: குருவின் இளைய மகன் தேவேந்திராவாக வந்த அமித் மிஸ்திரி 2021 ஏப்ரலில் காலமானார். 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பருவத்தில் அவர் இல்லை. அதனால் முதல் பருவத்தை விட்டுவிடாதீர்கள். வணக்கம்.