முதல் பரிசு சரி, டைமிங் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். காலை நேரம். அடுப்பில் களி வெந்துகொண்டிருக்கும். பால் ஊற்றிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பீர்கள். வேலையைப் பார்த்துக்கொண்டே காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் 28 ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். பிள்ளைகளுக்கு நான் பி.டி. சார். கபடியும் கைப்பந்தும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்றாலும், என் மனம் எப்போதும் 5000 மீட்டர், 10,000 மீட்டர் ஓடுகிற பிள்ளைகளிடம்தான். கல்லூரியில் ஓடும் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையும் டிவியும் என்ன சொல்கின்றன, அந்த ஓட்டத்தை வைத்தே அவர்கள் பிழைக்க முடியுமா, இதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நடந்தால் திங்கட்கிழமை செய்தி எப்படி வரும்? விழிப்புணர்வு மாரத்தான் நடந்தது. இன்னார் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். இன்னார் முன்னிலை வகித்தார். இன்னார் பரிசு வழங்கினார். கடைசி வரியில், முதல் இடம் பிடித்த கல்லூரி மாணவருக்குக் கோப்பையும் ரொக்கமும் வழங்கப்பட்டன என்று இருக்கும். சில நாள் அந்த மாணவன் பெயரும் இருக்கும். அவன் எத்தனை நிமிடத்தில் ஓடினான் என்பது மட்டும் இருக்கவே இருக்காது. 28 ஆண்டுகளாகச் செய்தித் துண்டுகளை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். நேரம் அச்சான துண்டுகளை என் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மாரத்தான் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சாலையில் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சிவநாத் சிங் என்ற ராணுவ வீரர் 1978-ல் ஜலந்தரில் அந்தத் தூரத்தை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். 40 ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சாதனையை எந்த இந்தியராலும் முறியடிக்க முடியவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து விளையாட்டு மைதானம் வரை ஓடுவதற்கும் அதே பெயரை வைத்தால், அந்த மனிதர் பட்ட பாடு என்னவென்று நம் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். முதல் பரிசு என்பது அன்றைக்கு உங்களோடு யார் ஓடினார்கள் என்பதைப் பொறுத்தது. நேரம் அப்படியில்லை. தேன்கனிக்கோட்டையில் ஓடினாலும் அமெரிக்காவில் ஓடினாலும் விநாடி ஒன்றுதான்.

2025 மார்ச் மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு 10,000 மீட்டர் பந்தயம். நம் ராணுவத்தைச் சேர்ந்த குல்வீர் சிங் ஓடினார். அவருக்கு எந்த இடம் கிடைத்தது தெரியுமா? ஆறாவது. மேடையும் இல்லை, கோப்பையும் இல்லை. ஆனால் நேரம் 27 நிமிடம் 00.22 விநாடி. அன்றைக்கு அது இந்தியாவின் புதிய தேசிய சாதனை. அந்த ஆண்டு உலக சாம்பியன்ஷிப்புக்கு நேரடியாகப் போக 27 நிமிடம் சரியாக வேண்டியிருந்தது. 25 சுற்று ஓடி, ஒரு விநாடியில் கால்பங்கு கூட இல்லாத இடைவெளியில் அதைத் தவறவிட்டார். நம் ஊர்ச் செய்தி முறையில் எழுதினால் அந்த ஓட்டம் செய்தியிலேயே வராது. ஆறாவது வந்தவரை யார் எழுதுவார்கள்?

என் மாணவன் ஒருவனின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அஞ்செட்டி மலைப்பக்கத்துப் பையன், பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. பள்ளிக்குத் தினமும் மேடு ஏறி இறங்கிப் போய் வந்தவன், மூச்சு அப்படி ஒரு மூச்சு. ஞாயிறுதோறும் எந்த ஊரில் 'மினி மாரத்தான்' என்றாலும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவான். மூவாயிரம், ஐந்தாயிரம் என்று பரிசுப் பணம் வரும், அதை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுவான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் அந்தப் பணம் அரிசியாகவும் மருந்தாகவும் மாறியதைப் பார்த்தவன் நான்.

ஒரு திங்கட்கிழமை பத்திரிகையில் அவன் படம் வந்தது. கழுத்தில் மாலை, கையில் கோப்பை. கல்லூரி முழுக்கக் கொண்டாட்டம். அவன் என்னிடம் ஓடிவந்து, "சார், அஞ்சு கிலோமீட்டர் சார், 13 நிமிஷம் 20 செகண்டு. போன்ல பார்த்தேன் சார்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தியாவின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள் ஓடும் நேரம் அது. ஸ்பைக்ஸ் என்கிற ஆணி வைத்த ஷூ கூட இல்லாத பையன், தார் ரோட்டில் அந்த நேரத்தில் ஓடினானா? எனக்குச் சந்தேகம். அவனுக்கோ துளியும் சந்தேகமில்லை. படத்தை லேமினேஷன் போட்டுக்கொண்டு, என்னிடம் சொல்லாமலே விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் ஒரு செலக்ஷனுக்குப் போய்விட்டான்.

அங்கே படத்தை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. டைமிங் என்ன என்று கேட்டார்கள். சொன்னான். அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிராக்கில் 5000 மீட்டர் ஓடவிட்டார்கள். 16 நிமிடம் 5 விநாடி. அன்றிரவு ஊருக்குத் திரும்பியவன் நான்கு நாள் கல்லூரிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் நானே போய் அவனை அழைத்து வந்தேன். என் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நடந்த சாலைக்கே இருவரும் போனோம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தேன். சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் 20 சென்டிமீட்டர் போகும், முன்பே டேப் வைத்து அளந்திருந்தேன். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். நான் பக்கத்தில் நடந்தபடியே எண்ணினேன். நூறு சுற்று ஆனதும் இடது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வலது பையில் போட்டேன். சாலையோரம் முழுக்கப் புளியமரம்தானே, கொட்டைக்கா பஞ்சம்? முடிவில் வலது பையில் 18 கொட்டை, மேற்கொண்டு 86 சுற்று. மரத்தடியில் உட்கார்ந்து அவனையே கணக்குப் போடச் சொன்னேன். 4 கிலோமீட்டர் 150 மீட்டர்தான் வந்தது. போட்டியை நடத்தியவர்கள் ஏமாற்றவில்லை, யாரோ மோட்டார் சைக்கிளில் போய் உத்தேசமாகப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த 850 மீட்டர் ஒரு பிள்ளையை என்ன பாடுபடுத்திவிட்டது!

கணக்குப் போட்ட தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அப்ப நான் அன்னைக்கும் இதே வேகத்துலதான் சார் ஓடியிருக்கேன், இல்ல?" ஆமாம். இரண்டும் ஒரே வேகம்தான். டிராக்கின் 400 மீட்டர் சுற்றுக்கு 77 விநாடி. அவன் மோசமாக ஓடவில்லை. தன் வேகம் எது என்பது அவனுக்குத் தெரியாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை நிறுத்தினோம். செம்மண் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஆரம்பிப்போம். நான் ஸ்டாப்வாட்சோடு நிற்பேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைக் கத்துவேன், நோட்டில் எழுதுவேன். 77 என்பது 76 ஆக ஆறு வாரம் பிடித்தது. 75-ல் வந்து நின்றுவிட்டது. கெண்டைக்கால் வலி வேறு. பிறகு மெல்ல 74. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் சுற்றுக்கு 73 விநாடி வீதம் பன்னிரண்டரைச் சுற்றையும் ஓடினான். 15 நிமிடம் 12 விநாடி. பதினேழாவது இடம். எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஆனால் முடிவுப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே நேரம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ராணுவப் பயிற்சியாளர் ஒருவர் என்னைப் போனில் அழைத்தார். இன்று அவன் ராணுவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான். முதல் பரிசு வாங்கிக்கொடுக்காத வேலையைப் பதினேழாவது இடம் வாங்கிக்கொடுத்தது. மறுபடியும் சொல்கிறேன், அந்த இடத்துக்குப் பக்கத்தில் நேரம் எழுதியிருந்தது.

நேரம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். 100 மீட்டருக்கு வேண்டும். நெடுந்தூரத்துக்குக் கடிகாரம் பார்க்கத் தெரிந்த மூன்று பேர் போதும். மூவரும் வேறு வேறு நேரம் காட்டினால் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும், இருவர் ஒன்றாகக் காட்டினால் அதுவே நேரம். விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. தூரத்தை மட்டும் ஒழுங்காக அளந்துவிடுங்கள்.

சரி, ஓட்டத்தை வைத்தே பிழைப்பது. அமெரிக்காவில் கல்லூரி ஓட்டக்காரனைப் பத்திரிகை அட்டையில் போடுவார்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்டீவ் ப்ரீஃபான்டெய்ன் 1970-ல், 19 வயதில், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அட்டையில் வந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 5000 மீட்டரில் நான்காம் இடம். அவ்வளவு புகழ் இருந்தும், ஓடிப் பணம் வாங்கினால் ஒலிம்பிக்கில் ஓட முடியாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். அதை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்தவர், 1975-ல் கார் விபத்தில் 24 வயதில் போய்விட்டார். 2021 ஜூலையிலிருந்துதான் அங்கே கல்லூரி மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் வாங்கலாம் என்று ஆனது. படிப்பு முடிந்ததும் ஷூ கம்பெனி ஒப்பந்தம் போடும். அதுதான் அங்கே தொழில்முறை.

நம் பக்கம் தொழில்முறை என்றால் வேலை. ராணுவம், ரயில்வே, காவல்துறை. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. இந்த வழியை நான் தாழ்வாக நினைக்கவில்லை. மாதச் சம்பளமும் பயிற்சிக்கு நேரமும் கிடைத்தால்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளை இருபத்தைந்து வயது வரை ஓட முடியும். நெடுந்தூரக்காரன் பழுப்பதே அந்த வயதில்தான். புதுக்கோட்டை லட்சுமணன் ராணுவத்திலிருந்து ஓடித்தான் 2017-ல் புவனேஸ்வரில் ஆசிய சாம்பியன்ஷிப்பின் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், கோட்டுக்கு உள்ளே கால் வைத்தார் என்று பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். இரண்டு தங்கத்துக்கு அவர் பெயரை அறியாதவர்கள்கூட அந்த ஒற்றை அடிக்காக அறிந்துகொண்டார்கள். என் மனம் இன்னும் ஆறவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். பெண்பிள்ளைகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதி வந்தேன், அப்படியே இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் மாணவன் ஓடியது 15 நிமிடம் 12 விநாடி இல்லையா? 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பருல் சவுத்ரி பெண்கள் 5000 மீட்டரில் தங்கம் வாங்கிய நேரம் 15 நிமிடம் 14.75 விநாடி. பக்கத்தில் பக்கத்தில்! உத்தரப் பிரதேசத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நம் ஊர்களிலும் அப்படிப்பட்ட கால்கள் இருக்கின்றன. ஐந்து மணி இருட்டில் தனியாக அனுப்ப வீட்டில் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் அண்ணனோ அப்பாவோ கூடப் போங்கள். போகிறவர் சும்மா நிற்காமல் சுற்றுக்குச் சுற்று நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். நிருபர் தம்பிகளே, போட்டி நடத்துகிறவர்கள் தரும் குறிப்பில் நேரம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இந்த நிலையத்தாரிடமும் கேட்கிறேன், மாவட்டச் செய்தியில் பிள்ளைகளின் பெயரோடு...

விளக்கு எரிந்துவிட்டது. நோட்டு வாங்க மறக்காதீர்கள், நாற்பது பக்க நோட்டு போதும். வணக்கம்.