தொண்ணூறு நிமிடத்துக்கு அப்புறம்

அனைவருக்கும் வணக்கம். ஒரு கால்பந்து கிளப்பின் ஒரு சீசனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ரியல் மாட்ரிட், பார்சிலோனா பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஜெர்மனியின் பேயர் லெவர்குசனை எடுத்துக்கொள்கிறேன். 2023-24 சீசன்.

பேயர் என்றதும் மாத்திரையும் பூச்சிமருந்தும் நினைவுக்கு வரும். அதே கம்பெனிதான். அதன் தொழிலாளர்கள் 1904-ல் தொடங்கிய கிளப் இது. அதற்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது: கரை வரைக்கும் வந்து கவிழ்கிற அணி. 2002-ல் லீக்கில் மூன்று ஆட்டம் மிச்சமிருக்க ஐந்து புள்ளி முன்னே நின்றார்கள். ஒரே புள்ளியில் டார்ட்மண்டிடம் பட்டத்தை விட்டார்கள். ஜெர்மன் கோப்பை இறுதியில் ஷால்கவிடம் தோல்வி. நாலே நாளில் கிளாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. ரியல் மாட்ரிட்டின் ஜிடான் வானத்திலிருந்து இறங்கிய பந்தை இடக்காலால் அடித்தாரே, அந்த கோலை வாங்கிக்கொண்டவர்கள் இவர்கள்தான். மூன்றிலும் இரண்டாம் இடம். ஜெர்மனியில் கேலி செய்யக் கேட்க வேண்டுமா?

2022 அக்டோபரில் ஷாபி அலோன்சோ பயிற்சியாளராக வந்தபோது, 18 அணிகளில் இவர்கள் 17-வது. அடுத்த முழு சீசனில் லீக்கில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை. பேயர்ன் மியூனிக் தொடர்ந்து 11 முறை வைத்திருந்த பட்டம் கைமாறியது. ஏப்ரல் 14-ம் தேதி பிரேமனை 5-0 என்று வென்று, ஐந்து ஆட்டம் மிச்சமிருக்கும்போதே பட்டத்தை உறுதி செய்தார்கள். நடுக்கள வீரர் விர்ட்ஸ் தன்னுடைய மூன்றாவது கோலை அடித்ததும் ரசிகர்கள் விசில் வரை காத்திருக்கவில்லை, மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள்.

இந்த அணியைப் பற்றி எல்லோரும் சொல்கிற ஒரு வார்த்தை, அதிர்ஷ்டம். இங்கேதான் நான் மறுக்கிறேன்.

சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீக்கில் அசர்பைஜானின் கராபாக் அணியோடு மோதினார்கள். இரண்டு ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. பாக்குவில் 0-2 என்று பின்தங்கி, தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் கூட்டிக் கொடுக்கிற இஞ்சுரி டைமில், முன்கள வீரர் ஷிக் அடித்த கோலால் 2-2. சொந்த ஊரில் மறுபடியும் 0-2. எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். ஃப்ரிம்பாங் ஒன்றைத் திருப்பினார். 93-வது நிமிடத்தில் ஷிக், 97-வதில் மறுபடியும் ஷிக், 3-2. ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் டார்ட்மண்டோடு 97-வது நிமிடத்தில் சமன், ஸ்டுட்கார்ட்டோடு 96-வது நிமிடத்தில் சமன். ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம், சரி. மாதக்கணக்கில் நடந்தால்?

பந்தைக் கையோடு வைத்திருப்பதுபோல நடுக்கள வீரர் ஜாக்காவும் மற்றவர்களும் குட்டிக் குட்டிப் பாஸ்களில் சுற்றவிட்டார்கள். எதிரணி பந்தின் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. எண்பது நிமிடம் அப்படி ஓடினால் கால் பேசாது. அப்போது பெஞ்சிலிருந்து புதுக் கால்கள் வரும். அதோடு, நேரம் போனாலும் இவர்கள் பந்தை மேலே தூக்கி வீசிப் பதறுவதில்லை. 20-வது நிமிடத்தில் எப்படி ஆடினார்களோ, 95-வதிலும் அப்படியேதான் ஆடினார்கள்.

ஸ்டானிசிச்சைச் சொல்லாமல் போக முடியாது. பேயர்ன் மியூனிக் கடனாகக் கொடுத்த தடுப்பாட்டக்காரர். பிப்ரவரியில் அதே பேயர்னை 3-0 என்று வென்றபோது முதல் கோல் அவருடையது! டார்ட்மண்டோடு 97-வது நிமிடக் கோலும் அவர்தான். யூரோப்பா லீக்கில் ரோமாவோடு அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் 1-2 என்று பின்னே நின்றார்கள். முதல் ஆட்டத்தை 2-0 என்று வென்றிருந்ததால் இறுதிக்குப் போவது உறுதி. அடிக்கவே தேவையில்லாத கோல் அது. ஆனாலும் 97-வது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து அடித்தார். தோல்வியில்லாமல் 49 ஆட்டம்; 1960-களில் போர்ச்சுகலின் பென்ஃபிகா வைத்த 48 ஆட்ட ஐரோப்பிய சாதனை முறிந்தது. கடன் கொடுத்தவர் வயிறு எரிந்திருக்கும்.

அப்புறம் மே 22, டப்ளின். யூரோப்பா இறுதியில் இத்தாலியின் அட்லாண்டா. ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு, சுற்றவிட நேரமே கொடுக்கவில்லை. லுக்மான் மூன்று கோல் அடித்தார், 3-0. ஷிக், போனிஃபேஸ் இருவரையும் பெஞ்சில் வைத்துவிட்டு, தனி முன்கள வீரர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கியது அலோன்சோவின் தப்பு என்றே நான் நினைக்கிறேன். சீசனில் 53 ஆட்டம், தோல்வி இது ஒன்றுதான்.

2002-ன் லெவர்குசனாக இருந்தால் இதற்கு மேல் எழுந்திருக்காது. மூன்றே நாளில் பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதி, இரண்டாம் டிவிஷன் கைசர்ஸ்லாட்டர்னோடு. 17-வது நிமிடத்தில் ஜாக்கா தூரத்திலிருந்து இடக்காலால் ஒன்றை மேல் மூலையில் செருகினார். இடைவேளைக்குச் சற்று முன்னால் கொசுனு இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். இரண்டாம் பாதி முழுக்கப் பத்துப் பேர். அன்று கடைசி நிமிடக் கோல் எதுவும் தேவைப்படவில்லை. 1-0 அப்படியே நின்றது.