கயிற்றின் மறுமுனை

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது அங்கங்கே சுருக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகம் செய்யும்போது ‘விலங்குகளின் நண்பர்’ என்று சொன்னார். முப்பத்திரண்டு வருஷம் அரசுக் கால்நடை மருத்துவராக ஊசி போட்டவன் நான். என் பையைத் தூரத்தில் பார்த்தாலே மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். அதனால் அந்தப் பட்டத்தை மேடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு, மனிதர் கையிலிருந்து மீட்ட விலங்குகளின் கதைக்கு, வருகிறேன்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் மட்டும் கொஞ்சம் கை தூக்குங்கள். சின்ன வயதில் கரடி முடித் தாயத்து கட்டியிருந்தவர்கள் எத்தனை பேர்? சரி, பாதி மண்டபம் தூக்குகிறது. என் இடுப்பிலும் இருந்தது. கரடிக்காரர் தெருவுக்கு வந்தால் அம்மா முறத்தில் அரிசியோடு வாசலுக்கு ஓடுவார். எட்டணா கொடுத்தால் பிள்ளையைக் கரடி முதுகில் உட்காரவைத்து ஒரு சுற்று. ராத்திரியில் பயந்து அலறுகிற பிள்ளைக்கு அதுதான் வைத்தியம். எனக்கு இன்றும் ஞாபகம் இருப்பது அதன் மேல் அடித்த ஈரச் சாக்கு வாடையும் மூக்கில் தொங்கிய கயிறும்தான். ‘அது எதுக்குப்பா?’ என்று கேட்டேனாம். ‘மாட்டுக்குப் போடலையா, அந்த மாதிரிதான்’ என்றாராம் அப்பா. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

அந்த மாதிரி இல்லை என்பது நான் மருத்துவம் படித்த பிறகுதான் தெரிந்தது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போவது இரண்டு மூக்குத் துளைக்கும் நடுவில் இருக்கிற சவ்வில். கரடிக்கு அப்படிப் போட்டால் நிற்காது. அதனால் குட்டியாக இருக்கும்போதே பிடித்து, இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, மூக்கின் மேற்புறத்தையே தசையும் எலும்புமாகத் துளைப்பார்கள். மயக்க மருந்தெல்லாம் கிடையாது. அந்த ஓட்டையில் முரட்டுக் கயிறு. கயிறு அறுத்துக்கொண்டே இருக்கும், புண் ஆறவே ஆறாது. ஆறினால் தொழில் நடக்காது. கோரைப்பற்களை அடித்து உடைத்துவிடுவார்கள். ஆண் என்றால் காயடிப்பு. இத்தனையும் முடிந்தபின் உடுக்கையை அடித்துக் கயிற்றை மேலே இழுத்தால், வலி தாங்காமல் கரடி இரண்டு காலில் எழுந்து நிற்கும். அதைத்தான் நாம் ஆட்டம் என்று சொன்னோம்.

குட்டியை எடுக்க வேண்டுமென்றால் தாயைக் கொல்ல வேண்டும். நம் ஊர்க் கரடி குட்டியை முதுகில் சுமந்து திரிகிற சாதி. ஒன்பது மாதம் வரைகூட குட்டி முதுகைவிட்டு இறங்காது. அந்தத் தாயிடம் போய்க் குட்டியைக் கேட்டு வாங்கிவர முடியாதல்லவா?

இந்தக் கரடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மற்றக் கரடிகளுக்கு 42 பற்கள். இதற்கு 40தான். மேல்வரிசை முன்பற்கள் நடுவில் இரண்டு கிடையாது. குறை என்று நினைத்துவிடாதீர்கள், கறையானை உறிஞ்சுவதற்கான வழி அது. புற்றை நகத்தால் பிளக்கும், ஊதி மண்ணைத் தள்ளும், மூக்குத் துளைகளை இறுக மூடிக்கொள்ளும், உதட்டைக் குழாய்போல் குவித்து உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். சங்கப் பாட்டு ஒன்றில் இந்தக் காட்சி வருகிறது. மழை பெய்கிற நள்ளிரவு. புற்று முழுக்க மின்மினி மொய்த்திருக்கிறது. ஆண்கரடி ஒன்று அதைத் தோண்டத் தோண்ட, மின்மினிகள் தீப்பொறிபோல் சிதறுகின்றன. பார்ப்பதற்கு அந்தக் கரடி இரும்படிக்கிற கொல்லன்போல் இருக்கிறது என்கிறார் புலவர். எத்தனை ராத்திரி காட்டில் விழித்திருந்தாரோ தெரியாது. கொல்லனாகத் தெரிந்த அந்தக் கரடிக்குத்தான் பிற்காலத்தில் நாம் இரும்பைக் காய்ச்சினோம்.

சரி, அப்படி ஆட்டிவைத்த கரடிகளை மீட்டு வைத்திருக்கிற ஆக்ராவுக்கு வருவோம். தாஜ்மகாலைப் பார்க்கப் போகிற யாரும் அங்கிருந்து டெல்லி சாலையில் கீதம் ஏரிக்குப் போவதில்லை. சூர் சரோவர் பறவைகள் சரணாலயம் அந்த ஏரியைச் சுற்றித்தான் இருக்கிறது. அதற்குள்தான் கரடி மீட்பு மையம். 1995இல் கார்த்திக் சத்யநாராயணும் கீதா சேஷமணியும் தொடங்கிய வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு, உத்தரப் பிரதேச வனத்துறையோடு சேர்ந்து நடத்துவது. 2002 டிசம்பரில் முதல் கரடிகள் வந்தன. 2009 டிசம்பரில் கர்நாடகத்தில் கடைசி ஆட்டக் கரடியின் கயிறு அறுந்தது. ஏழே வருஷத்தில் 600க்கும் மேற்பட்ட கரடிகள். எல்லாம் ஆக்ராவுக்கே போகவில்லை. பெங்களூரு பன்னர்கட்டா, போபால் வன விகார், வங்காளத்தில் புருலியா என்று பிரித்து வைத்தார்கள்.

பணி ஓய்வு பெற்ற மறுவருஷம் நான் ஆக்ராவுக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் மரம், குழி, குட்டை, ஊஞ்சல் மாதிரி கட்டிய கட்டைகள். நான் முதலில் பார்த்த கரடி இதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றடி முன்னே, மூன்றடி பின்னே. ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை இடமும் வலமும் ஆட்டல். கயிறு போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அது கயிற்றின் நீளத்துக்குள்ளேதான் நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி வேறொன்று, மரக்கட்டையில் துளைபோட்டு ஊற்றியிருந்த தேனை நக்கிக்கொண்டிருந்தது. துளையின் அடியில் இருப்பதை எடுக்க முடியவில்லை. கட்டையைத் தூக்கி மல்லாந்து படுத்து, வாயில் கவிழ்த்துக்கொண்டது. அதன் மூக்கின்மேல் பள்ளமாக, மயிர் முளைக்காத தழும்பு. வெயில் காலத்தில் பழத்தைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துக் கொடுப்பார்களாம். உருகும்வரை பொழுது போகுமே! விலங்குக்குப் பொழுது போவது ஒரு மருத்துவம் என்று எங்கள் காலத்துக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

‘இவ்வளவு குணமாகிவிட்டதே, காட்டில் விட்டால் என்ன?’ என்று என்னோடு வந்த ஒருவர் கேட்டார். விட முடியாது. பல் இல்லை. எந்தப் புற்றை எப்போது தோண்டுவது என்று சொல்லித் தர வேண்டிய தாய் குட்டிப் பருவத்திலேயே போய்விட்டது. அதைவிட ஆபத்து, மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்ற புத்தி இல்லை. அப்புறம் காசநோய். மனிதரோடு ஒரே கூரையின்கீழ் படுத்து மனிதரிடமிருந்து வாங்கிய நோய். மீட்ட கரடிகளில் பல அதனால்தான் செத்தன. அதனால்தான் புதிதாக வருவதை முதலில் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு விடுகிறார்கள். சரணாலயம் என்றதும் துள்ளி ஓடுகிற படம் நம் மனசில் வருகிறது. உண்மையில் அது முதியோர் இல்லம் மாதிரி. கஞ்சி, மாத்திரை, வெயில் காய்தல், மூட்டுவலி.

அந்தக் கஞ்சி காய்ச்சுகிற இடத்தில்தான் நான் இன்று சொல்ல வந்தது இருக்கிறது. பெரிய அண்டா. கோதுமை, சோளம், சிறுதானியம் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தவர் கலந்தர் சமூகத்துக்காரர். தலைமுறை தலைமுறையாகக் கரடியாட்டம் நடத்திய நாடோடி முஸ்லிம் மக்கள் அவர்கள். முகலாயர் அரண்மனைக் காலத்திலிருந்தே அதுதான் தொழில் என்று சொல்லிக்கொள்வார்கள். என் அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். அப்பாவிடம் கற்றது, பிள்ளைகளுக்குப் பிசைந்த அதே மாவில்தான் கரடிக்கும் ரொட்டி, கரடி செத்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி என்றார். ‘மூக்கு குத்தியது யார்?’ என்று கேட்டேன். துடுப்பு நின்றது. ‘நானும் குத்தியிருக்கிறேன், டாக்டர் சாப்’ என்றார். அப்புறம் அடிப்பிடித்துவிடும் என்று மறுபடியும் கிண்ட ஆரம்பித்துவிட்டார்.

1972இலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் முப்பது வருஷம் நெடுஞ்சாலையோரத்தில் கரடி ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று திட்டுவது சுலபம். பிடித்த கரடியை எங்கே வைப்பது? ஆளை உள்ளே போட்டால் அவர் பிள்ளைகள் என்ன சாப்பிடும்? வெளியே வந்ததும் கடன் வாங்கி இன்னொரு குட்டி வாங்குவார். அதற்காகக் காட்டில் இன்னொரு தாய் சாகும். ஒரு கரடியைப் பறித்ததால் இரண்டு கரடி போன கணக்கு அது.

அந்தக் கணக்கை மாற்றியதுதான் ஆக்ராக்காரர்களின் சாமர்த்தியம் என்று நான் நினைக்கிறேன். இனிமேல் இந்தத் தொழிலுக்குப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துக் கரடியை ஒப்படைத்தால், வேறு தொழில் தொடங்கப் பணம். ஆட்டோ வாங்கியவர் உண்டு, கடை வைத்தவர் உண்டு. பெண்களுக்குத் தையல், எம்பிராய்டரி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு. சிலருக்கு மையத்திலேயே கரடி பார்த்துக்கொள்ளும் வேலை. கரடியின் மூக்கில் இருந்த முனையை மட்டும் அறுத்திருந்தால் 2009இல் கடைசிக் கரடி வந்திருக்காது. மறுமுனையைப் பிடித்திருந்த கையையும் விடுவித்தார்கள். எல்லை தாண்டினால் கதை வேறு. 2017இல் நேபாளத்தில் ரங்கீலா, ஸ்ரீதேவி என்று இரண்டு ஆட்டக் கரடிகள் பிடிபட்டன. ஸ்ரீதேவி காத்மாண்டு மிருகக்காட்சிசாலையிலேயே இறந்தது. ரங்கீலா மட்டும் மறுவருஷம் ஆக்ராவுக்கு வந்து சேர்ந்தது.

நம் ஊரில் கிளி ஜோசியக்காரரைப் பிடிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்த அண்டாதான் ஞாபகம் வருகிறது. பச்சைக்கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம், அதில் சந்தேகமில்லை. கிளியைப் பறக்கவிட்டு விடுகிறோம். கூண்டும் சீட்டுக்கட்டுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர் மறுநாள் என்ன செய்வார் என்று யாராவது கேட்கிறோமா?

சர்க்கஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998 அக்டோபரில் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள், 2000இல் தோற்றார்கள். 2001இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான சிங்கங்களும் புலிகளும் வேலையிழந்தன. நம் வண்டலூர் உட்பட நாட்டில் ஏழெட்டு இடங்களில் மீட்பு மையம் கட்டினார்கள். அந்தச் சிங்கங்களில் பல, ஆப்பிரிக்கச் சிங்கமும் நம் கிர் சிங்கமும் கலந்தவை. அதனால் குட்டி போடவிடக் கூடாது என்பது விதி. சிங்கம் இருபது வயது பிழைப்பதே அபூர்வம், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ‘மையம் காலியாகிவிட்டதே, ஏன் மூடவில்லை?’ என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். காலியாக வேண்டும் என்றுதானே கட்டியது!

இப்போது வருகிற கூட்டம் வேறு. பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வருகிற விமானத்தில், துணிமணிகளுக்கு நடுவே பால் பைத்தான் (பால் என்றால் இங்கே பந்து) என்கிற சின்ன மலைப்பாம்பு, இக்குவானா என்கிற பெரிய பல்லி, உள்ளங்கை அளவு மார்மோசெட் குரங்கு. சுங்கத்தில் பிடிபட்டால் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். பிடிபடாதது வரவேற்பறைக்கு வருகிறது. 2022 ஏப்ரலில் வடவங்காளத்தில் சிலிகுரிப் பக்கம் நடுரோட்டில் கங்காரு நின்றது ஞாபகம் இருக்கிறதா? எலும்பும் தோலுமாக. யாரோ கடத்திவந்து, சோதனைக்குப் பயந்து இறக்கிவிட்டுப் போயிருக்கலாம் என்றார்கள். கங்காருவுக்கு நம் நாட்டில் ‘காடு’ எது? அதைக் கொண்டுபோய் எங்கே விடுவது? சிலிகுரி வனவிலங்குப் பூங்காவில் வைத்தார்கள்.

சட்டம் மெதுவாகப் பின்னால் ஓடிவருகிறது. வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் தாங்களாக வந்து சொன்னால் கேள்வி கேட்க மாட்டோம் என்று 2020இல் வாய்ப்புக் கொடுத்தார்கள். 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024இல் பதிவு செய்வதற்கான விதிகள் வந்தன. ஆனால் இந்தக் கயிற்றின் மறுமுனையில் பட்டினி கிடக்கிற நாடோடி யாரும் இல்லை. நாம்தான் இருக்கிறோம். பேரன் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கிற நாம். நமக்கு ஆட்டோ வாங்கிக் கொடுத்து யார் விடுவிப்பது?

சிரிக்கிறீர்கள். என் சொந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பையன் வாளியோடு வந்தான். வாளியில் சிவப்புக் காது ஆமை. வாங்கும்போது பத்து ரூபாய்க் காசு அளவில் இருந்ததாம், இப்போது சாப்பாட்டுத் தட்டளவு. தொட்டியில் இடமில்லை, நாற்றம் வேறு. ‘தாத்தா, கோயில் குளத்துல விட்டுடட்டுமா? புண்ணியம்னு பாட்டி சொல்றாங்க’ என்றான். அமெரிக்க ஆமை அது. குளத்தில் விட்டால் நம் ஆமைக்கும் மீனுக்கும் இருக்கிற இரையை அதுவே தின்று தீர்த்துவிடும். திருச்சூர்ப் பக்கம் வாய்க்காலில் இப்படி விட்டதைத் தேடிப் பிடிக்கக் கேரள விஞ்ஞானிகள் படாதபாடு படுகிறார்கள். மையங்களுக்கு போன் செய்து பார்த்தேன். புலியும் கரடியும் வரிசையில் நிற்கிற இடத்தில் ஆமைக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

அதனால் என் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினேன். மேலே கம்பிவலை. கல்லின்மேல் ஏறி வெயில் காய்கிறது, கீரை தின்கிறது, என்னைக் கண்டால் தண்ணீரில் குதிக்கிறது. முப்பது வருஷம்கூட உயிரோடு இருக்கும் என்கிறார்கள். எனக்கு அறுபத்தெட்டு. போன வாரம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, பிளஸ் டூ முடித்ததும் என்ன படிக்கப் போகிறாய் என்று விசாரித்தேன். இன்ஜினியரிங் என்றான். என்ன படித்தாலும் பரவாயில்லை, உள்ளூரிலேயே வேலை பார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.