சுவரை வைத்துத்தான் சித்திரம்

(பாம்பனில் நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் ஐயா அவர்களே, திருப்புல்லாணியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் பட்டர் சுவாமி அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, விடியற்காலை கடலுக்குப் போக வேண்டியிருந்தும் தூக்கத்தை ஒதுக்கிவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். கோவில், பள்ளிவாசல், மாதா கோவில் மூன்றிலிருந்தும் பெரியவர்கள் ஒரே மேடையில் அமர்வது இந்தத் தீவில் புதிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஒலிபெருக்கியைப் பணம் வாங்காமல் தந்த தம்பிக்கும் நன்றி.

உலகத்தில் மலை உச்சியிலும் கடல் நடுவிலும் மனிதன் கட்டிய வழிபாட்டு இடங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். மலையில் கட்டியவை, கடலில் கட்டியவை.

முதலில் மலை. கிரேக்க நாட்டில் மெத்தியோரா என்று ஓர் இடம். தூண் தூணாக நிற்கும் பாறைகளின் தலையில் துறவிகளின் மடங்கள். இன்றும் ஆறு மடங்களில் ஆள் இருக்கிறது. ஒரு காலத்தில் மேலே போக வேண்டுமானால் கயிற்று வலைக்குள் உட்கார வேண்டும், மேலிருந்து இழுப்பார்கள். வலை நமக்குத் தெரிந்த சாமான். அதில் மீன் ஏறுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம், அங்கே சாமியார் ஏறியிருக்கிறார்.

பூட்டான் நாட்டில் தக்சாங் மடம். பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறையை ஒட்டி 1692-ல் கட்டியது. 1998-ல் தீப்பிடித்து எரிந்தது. சாலை இல்லாத மலை. பழைய முறையிலேயே திரும்பக் கட்டி, 2005-ல் வழிபாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று நம் பெரியவர்கள் சொன்னது அந்த நாட்டுக்காரனுக்குப் புரிந்திருக்கிறது.

அடுத்தது கடல். இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பிரான்சில் மோன் சான் மிஷேல் என்று ஒரு பாறைத் தீவு, அதன் மேல் மடமும் கோவிலும். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு முழம், இரண்டு முழம். அங்கே 14 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. 1879-ல் தீவுக்குப் போக மண்ணைக் கொட்டிக் கரைச்சாலை போட்டார்கள். நீரோட்டம் தடைப்பட்டது. மணல் சேர்ந்து சேர்ந்து, தீவே தரையோடு ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்தது. பிறகு அந்த நாடு என்ன செய்தது தெரியுமா? கரைச்சாலையை எடுத்துவிட்டு, தண்ணீர் அடியில் ஓடும்படி 2014-ல் பாலம் கட்டியது. பாலம் என்றால் என்ன என்று பாம்பன்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் இத்சுகுஷிமா கோவில். அதன் பெரிய மரத் தோரணவாயில் கடலுக்குள் நிற்கிறது. இப்போதுள்ளது 1875-ல் வைத்தது. அடியை மண்ணில் ஆழமாகப் புதைக்கவில்லை, தன் எடையாலேயே நிற்கிறது. எடை போதாதென்று மேல் உத்திரத்துக்குள் கல்லை நிரப்பியிருக்கிறார்கள். வற்றத்தில் நடந்துபோய்ப் பார்க்கிறவர்கள் மர வெடிப்புகளில் காசு சொருகிவிட்டுப் போவார்களாம். பக்திதான், ஆனால் அந்த வாயிலுக்கு அது புண். 2019-ல் சாரம் கட்டி, 2022 வரை பழுது பார்த்தார்கள்.

பாலித் தீவில் தானா லோட். அலை அறுத்து அறுத்துக் கோவில் நின்ற பாறையே உதிர்ந்தது. 1980-களில் ஜப்பானிடம் கடன் வாங்கிச் சரிசெய்யத் தொடங்கினார்கள். இன்று அந்தப் பாறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மனிதன் செய்து வைத்தது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்றோமே, அங்கே சுவருக்கு அடியில் இருக்கும் பாறையையே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை பாறை மேல் நிற்பவை. நம் தீவில் பாறை ஏது? எங்கே தோண்டினாலும் மணல். இராமநாதசுவாமி கோவில் மூன்றாம் பிரகாரத்தின் 1,212 தூண்களுக்கும் கல் வெளியிலிருந்து வந்தது. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளால் முடிந்தது, கொண்டுவந்தார்கள். தனுஷ்கோடியில் மாதா கோவில் கட்டியவர்களிடம் அந்த வசதி இல்லை. கடல் கொடுத்த பவளக்கல்லை வெட்டி அடுக்கினார்கள், சுண்ணாம்பு வைத்துப் பூசினார்கள். கடலாலேயே கட்டிய கோவில் அது. ஒரு பக்கம் சீறும் ஆண் கடல், மறுபக்கம் அமைதியான பெண் கடல்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் என்ன நடந்தது என்பதை இங்கே இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ரயிலோடு போனார்கள், வீட்டோடு போனார்கள். கோதண்டராமர் கோவில் தப்பியது. மாதா கோவில் கூரையை இழந்தது, சுவர் நின்றது.

போன தை மாதம் அங்கே போயிருந்தேன். ஒரு தம்பி, கல்லூரிப் படிப்பு முடித்த வயது, முதுகில் பை. சுவரோரம் குனிந்து உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்தான். பக்கத்தில் சிப்பி மாலை விற்கும் ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

“தம்பி, அத என்னப்பா செய்யப் போற?”

“மீன்தொட்டிக்குள்ள போடலாம்னு பாட்டி. கீழதான் கெடந்துச்சு.”

“கீழ கெடந்தா? எங்க வீட்டு ஓடு கீழ கெடந்தா அதையும் எடுத்துப்பியா? எனக்கு ஞானஸ்நானம் குடுத்த கோவில்ப்பா இது. எங்க ஆத்தாளுக்குத் தாலி கட்டுனது இங்கனதான். அந்தா, அந்த வளைவுக்கு நேரா.”

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கல்லை எடுத்துக் கீழே வைத்தான். பாட்டி விடவில்லை. “எங்கருந்து விழுந்துச்சோ அங்க வையி” என்றார். அவனும் சுவரைத் தடவித் தடவிப் போகிறான். ஒரு பொந்தில் வைத்துப் பார்க்கிறான், ஆடுகிறது. அடுத்ததில் வைக்கிறான், நுழையவில்லை. வெயில் ஏறுகிறது. சுற்றுலா வந்த இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு பொந்தைக் காட்டுகிறார்கள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் தெற்குச் சுவரில், இடுப்புயரத்தில், ஓர் இடத்தில் கல் உட்கார்ந்தது. முழுசாகப் பொருந்தியது என்று சொல்லமாட்டேன், உட்கார்ந்தது. பாட்டி எழுந்து வந்து பார்த்தார். கையால் ஒரு தட்டு தட்டினார். அந்தத் தம்பிக்குச் சிப்பி மாலை ஒன்றைக் காசு வாங்காமல் கழுத்தில் போட்டுவிட்டார். அவன் அழுதுவிட்டான். எனக்கும் கண் கலங்கியது.

நான் அந்தக் கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். தேன்கூடு மாதிரி நெருக்கமாகச் சின்னச் சின்னப் பூ அச்சு. ஒவ்வோர் அச்சும் ஓர் உயிர் இருந்த வீடு. கல்பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. ஒரு முழக் கல் என்றால் நாற்பது ஐம்பது வருஷம். அதை வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போயின. 2001 முதல் பவளப்பாறையை எடுப்பது சட்டப்படி குற்றம். சரியான சட்டம், நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆகவே இந்தச் சுவரிலிருந்து ஒரு கல் போனால் அதற்குப் பதில் கல் இந்த உலகத்தில் கிடையாது. பூட்டானில் மரம் வெட்டிக் கட்டினார்கள், பாலியில் செயற்கைக் கல் வைத்தார்கள். நமக்கு இருக்கிற கல் மட்டும்தான். சுவரை வைத்துத்தான் சித்திரம், ஐயா.

இன்னொன்று, சிமென்ட். நல்லெண்ணத்தில் யாராவது சிமென்ட் பூசிவிடக்கூடாது. பவளக்கல் உப்புக்காற்றில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு வழிவிடும். சிமென்ட் மூடிவிடும். உப்பு உள்ளேயே பூத்துக் கல்லைப் பொடியாக்கும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சாந்து அரைத்த கொத்தனார்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். என் மாமனாரே அப்படி ஒருவர். அவர்களிடமிருந்து இளைஞர்கள் இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும்.

பின்னால் மேசையில் மனு இருக்கிறது. கேட்பது மூன்று: நிற்கும் கல்லையும் விழுந்த கல்லையும் எண்ணிப் பதிவு செய்வது, பழுதுபார்ப்பைச் சுண்ணாம்பில் மட்டும் செய்வது, அங்கே கடை போட்டிருக்கும் குடும்பங்களிலிருந்தே காவலுக்குச் சம்பளத்தோடு ஆள் வைப்பது. கடைகளை அப்புறப்படுத்தச் சொல்லி ஒரு வரிகூட அதில் இல்லை. அந்தப் பாட்டியின் கைநாட்டு முதல் பக்கத்தில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வேன் புறப்படும். நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் கொண்டுவாருங்கள். தெற்குச் சுவரிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம். வணக்கம்.