ராமானுஜன் வாங்கிய 75 ரூபாயும் நம் ஆராய்ச்சி நிதியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆராய்ச்சிக்கு நிதி எங்கே கிடைக்கும் என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கே கிடைக்கும் என்பதற்கு ஒரு பட்டியல் போதும். அதைக் கைப்பேசியிலேயே தேடி எடுத்துவிடலாம். பட்டியல் கையில் இருந்தும் ஏன் கிடைப்பதில்லை என்பதுதான் நான் போகிற கல்லூரிகளில் எல்லாம் கேட்கிற கேள்வி. அதனால் பட்டியலைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் இருப்பீர்கள், ஆய்வு மாணவர்கள் இருப்பீர்கள். ஏதோ ப்ரொபோசலாம், ஆராய்ச்சிக்கு நிதி கேட்கிற விண்ணப்பமாம், மகள் ராத்திரி ஒரு மணி வரை தூங்கமாட்டேன் என்கிறாள் என்று கவலைப்படுகிற பெற்றோரும் இருக்கலாம். உங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

முதலில் ராமானுஜன் கதை. தெரிந்த கதைதானே என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். நாமகிரித் தாயார் கனவில் வந்த கதையை நான் சொல்லப்போவதில்லை. பணம் கேட்டு அலைந்த ராமானுஜனின் கதையைச் சொல்கிறேன். நம் ஊரில் ஆராய்ச்சிக்கு நிதி தேடிய ஒருவரைப் பற்றித் தேதி வாரியாக இவ்வளவு விவரம் கிடைப்பது அபூர்வம்.

1910-ஆம் ஆண்டு. எஃப்.ஏ. என்கிற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறாத பையன். கும்பகோணத்திலும் தேறவில்லை, சென்னைப் பச்சையப்பனிலும் தேறவில்லை. கையில் தன் கணக்குகளை எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகம். அதை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போகிறார். அங்கே டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர். ஏன் அவரிடம் போனார் என்பதைக் கவனியுங்கள். 1907-ல் இந்தியக் கணிதவியல் கழகத்தைத் தொடங்கியவர் அவர். ஊரில் எத்தனையோ அதிகாரிகள் இருக்க, அந்த நோட்டைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அதிகாரியைத் தேடிப் போயிருக்கிறார். கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டினார், இந்த மூளையைக் குமாஸ்தா நாற்காலியில் போட்டு வீணாக்க மனம் வரவில்லை. வேலைக்குப் பதிலாக அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

சென்னையில் பேராசிரியர் சேஷு ஐயர். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். உனக்கு என்ன வேண்டும் என்று ராவ் கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு, வயிற்றைக் கழுவுகிற அளவுக்குக் கொஞ்சம் பணம் என்றார் ராமானுஜன். எவ்வளவு தெளிவான பதில் பாருங்கள். இன்றைக்கு ஐம்பது பக்கம் ப்ரொபோசல் எழுதுகிறவர்களிடம், ஐயா உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் இப்படி ஒரு வரியில் சொல்ல வராது. ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார்.

அப்புறம் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, சம்பளம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் அவர் எடுத்துச் சொன்னார். 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. ஹார்டிக்கு எழுதியது நமக்கெல்லாம் தெரியும். அதற்கு முன் கேம்பிரிட்ஜிலேயே வேறு இரண்டு பெரிய கணித அறிஞர்களுக்கு எழுதி ஒன்றும் நடக்காமல் போனது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதல் நிராகரிப்பிலேயே கோப்பை மூடி வைத்துவிடுகிற நண்பர்கள் இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்டி ஆர்வமாகப் பதில் எழுதினார். பிப்ரவரி 27-ல் ராமானுஜனின் அடுத்த கடிதம் போகிறது. தேற்றங்கள் நிறைய இருக்கின்றன. நடுவில் ஒரு விஷயம்: நான் ஏற்கெனவே அரைப்பட்டினி, மூளையைக் காப்பாற்றிக்கொள்ளச் சோறு வேண்டும், நீங்கள் பரிவாக ஒரு கடிதம் எழுதினால் பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவித்தொகை வாங்க அது உதவும் என்கிறார். ஹார்டியிடம் அவர் பணம் கேட்கவில்லை. பணம் தரக்கூடிய இடம் சென்னையில் இருக்கிறது, அதைத் திறக்கத் தேவையான கடிதம் கேம்பிரிட்ஜில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்.

அதே நாட்களில் சிம்லாவிலிருந்து வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ராமானுஜனின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். மறுநாளே அவர் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதிவிட்டார். மார்ச் 19-ல் கணிதப் பாடக்குழு கூடி மாதம் 75 ரூபாய் கொடுக்கலாம் என்றது. துறைமுகச் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு!

இனிமேல்தான் நான் சொல்ல வந்த இடம். விஷயம் சிண்டிகேட்டுக்கு, அதாவது பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவுக்குப் போகிறது. சிக்கல் வந்தது. ஆராய்ச்சி உதவித்தொகை பட்டம் பெற்றவர்களுக்குத்தான், இவருக்கோ பட்டமே இல்லை. விதி இடம் கொடுக்காது. இன்றைய கோப்பாக இருந்தால் தகுதியில்லை என்று முதல் நாளே திரும்பியிருக்கும். அப்போது உறுப்பினராக இருந்த நீதிபதி பி.ஆர். சுந்தர ஐயர் எழுந்து, இந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்படுத்திய சட்டத்தின் முகவுரையைப் படியுங்கள் என்றார். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை என்று அதில் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. ஏப்ரல் 7-ல் ஒப்புதல். மே மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு உதவித்தொகை.

ராமானுஜனின் மேதைமை நமக்கு வராது, அது வேறு. அந்த நீதிபதி செய்ததை யாரும் செய்யலாம். பணம் வைத்திருக்கிற நிறுவனம் எதற்காகப் பணம் வைத்திருக்கிறது என்பதை அதன் சொந்த வார்த்தையில் படித்து, அந்த வார்த்தையைக் கொண்டே கேட்டார். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். அறிவிப்பு வந்ததும் கடைசித் தேதி எது, அதிகபட்சத் தொகை எவ்வளவு என்று இரண்டை மட்டும் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்துவிடுகிறோம். நோக்கம் என்று முதல் பத்தியில் எழுதியிருப்பார்கள். அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஒரு உதாரணம். ராமநாதபுரம் பக்கம் ஒரு விலங்கியல் ஆசிரியை. அவருக்குக் கண்மாய் மீன்களைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. அயிரை, கெண்டை, விரால் எல்லாம் எந்தக் கண்மாயில் குறைந்தன, எதில் இன்னும் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நல்ல கேள்வி. இதே கேள்வியை மத்திய அறிவியல் நிதிக்குக் கொண்டுபோனால் இனங்களும் நீரின் தன்மையும் முன்னால் நிற்க வேண்டும், அளக்கிற முறை துல்லியமாக இருக்க வேண்டும். இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போனால் மீன் குத்தகை யார் கையில் இருக்கிறது, பாசனச் சங்கம் என்ன செய்கிறது, மீன் விற்கிற பெண்களின் வருமானம் என்ன ஆயிற்று என்பது முன்னால் வரும். மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டத்துக்கு என்றால் நான்கு மாணவர்கள் ஒரு பருவத்தில் முடிக்கிற அளவுக்கு இரண்டு மூன்று கண்மாய் போதும். கண்மாய் ஒன்றுதான். தலைப்பை மட்டும் மாற்றி ஒரே தாளை மூன்று இடத்துக்கு அனுப்புவதைச் சொல்லவில்லை. படிக்கிறவர் முதல் பக்கத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்று, எனக்குப் பிடித்த விஷயம். போன வருடங்களில் யார் யாருக்கு என்னென்ன தலைப்பில் எவ்வளவு கொடுத்தோம் என்று பல நிதி நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே வெளியிடுகின்றன. அறிவிப்பைவிட அந்தப் பட்டியல் அதிகம் சொல்லும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். உங்கள் மாதிரிக் கல்லூரிக்கு எப்போதாவது கொடுத்திருக்கிறார்களா, உங்கள் துறையில் கொடுத்திருக்கிறார்களா, கேட்கிற தொகை அவர்கள் வழக்கமாகக் கொடுக்கிற தொகைதானா என்று தெரிந்துவிடும். பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஒருவர் வாங்கியிருந்தால் அவரிடம் ஒரு போன் போட்டுப் பேசுங்கள். வாங்கியவர்கள் பொதுவாகப் பேசுகிறவர்கள்தான். சொல்லப்போனால் நிறுத்துவது கஷ்டம்.

ஆஸ்திரேலியாவில் ஒரு கணக்கெடுத்தார்கள். அந்த நாட்டு மருத்துவ ஆராய்ச்சி நிதிக்கு 2012-ல் 3,700-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. அவற்றை எழுத ஆய்வாளர்கள் செலவழித்த நேரத்தைக் கூட்டினால் சுமார் 550 மனித ஆண்டுகள்! ஐந்தில் ஒன்றுக்குத்தான் பணம் கிடைத்தது. அதைவிட முக்கியமானது, அதிக நாள் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அதிகம் கிடைத்தது என்று சொல்ல முடியவில்லை. அதனால் ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்கிற அந்த மகளிடம் சொல்லுங்கள்: இருபதாவது தடவை திருத்துவதற்குப் பதிலாக, வேறு துறையில் இருக்கிற ஒருவரிடம் கொடுத்து இரண்டு பக்கம் படிக்கச் சொல்லட்டும். எந்த வரியில் அவர் நிற்கிறாரோ அந்த வரியில்தான் மதிப்பீட்டாளரும் நிற்பார். ராமானுஜனுக்கு ராமசாமி ஐயர், சேஷு ஐயர், நாராயண ஐயர் என்று வரிசையாகப் படிக்கிற ஆட்கள் இருந்தார்கள். நமக்கு ஒருவராவது வேண்டாமா?

இடையில் ஒரு எச்சரிக்கை. இவ்வளவு பணம் கட்டினால் கிராண்ட் வாங்கித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அரசு நிதி நிறுவனம் எதுவும் தரகர் வைத்துக் கொடுப்பதில்லை. அவ்வளவுதான், மேலே போகிறேன்.

பணம் வந்த பிறகு என்ன? மறுபடி ராமானுஜனிடம் போகிறேன், மன்னியுங்கள். அந்த 75 ரூபாய்க்கு ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அவரும் கொடுத்தார். 1913 ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று, மறுவருடம் மார்ச்சில் ஒன்று. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட அறிக்கை போயிருக்கிறது. அந்த அறிக்கைகளைக் கணித அறிஞர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். நம்முடைய ஆண்டறிக்கையை அப்படி யாரும் படிக்கப்போவதில்லை, ஆனாலும் தேதி தவறாமல் கொடுக்க வேண்டும். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும், அதாவது நாம் யூசி என்று சொல்கிறோமே அதுவும் போனால்தான் அடுத்த தவணை வரும். வங்கியில் கிடந்த பணத்துக்கு வட்டி வந்திருந்தால் அதுவும் அரசாங்கத்துடையது. கருவி வாங்க வந்த பணத்தை அனுமதியில்லாமல் பயணத்துக்குச் செலவழிக்கக் கூடாது. கல்லூரிக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறவரைத் திட்டம் எழுதும்போதே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவரை ஒப்புதல் வந்த பிறகுதான் தேடுகிறோம், அவருக்கு அதில் வருத்தம் இருக்கத்தானே செய்யும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டுகிறார்கள். பட்டியல் என்று சொன்னேன் இல்லையா, வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அறிவியல் துறையினர்: பழைய எஸ்இஆர்பி, அதாவது மத்திய அரசின் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், இப்போது இல்லை. 2023-ல் வந்த சட்டத்தின்படி ஏஎன்ஆர்எஃப் என்கிற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2024-ல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஐந்து வருடத்தில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டம் அறிவித்தார்கள், அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும், வரும்போது பார்ப்போம். எஸ்இஆர்பி காலத்துத் திட்டங்களில் இரண்டைக் கல்லூரி ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, கணிதம் சார்ந்தவர்களுக்கான மேட்ரிக்ஸ், வருடத்துக்கு 2 லட்சம், மூன்று வருடம், ஆய்வகம் வேண்டாம். மற்றொன்று டேர், இருக்கிற வேலையை விடாமல் வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்கள் ஐஐடி மாதிரி ஒரு நிறுவனத்தில் போய் ஆய்வு செய்யலாம். இப்போதைய நிபந்தனைகளை ஏஎன்ஆர்எஃப் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். யுஜிசியின் சிறு ஆய்வுத் திட்டத்தை இன்னும் விசாரிக்கிறீர்கள், அது பழையபடி இல்லை.

வரலாறு, தமிழ், சமூகவியல் நண்பர்களுக்கு நான் தனியாக நேரம் வைத்திருந்தேன். இரண்டு வாக்கியம்தான் முடியும் போலிருக்கிறது. பழைய ஆவணங்களைக் காப்பாற்றுவது உங்கள் வேலை என்றால் பிரிட்டிஷ் நூலகம் 2004-லிருந்து நடத்துகிற அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தைப் பாருங்கள், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் புகைப்படங்களுக்காக அதில் நிதி பெற்றிருக்கிறது, மூலப்படியும் நாட்டை விட்டுப் போகாது. ஆனால் வெளிநாட்டுப் பணம் என்றால் உங்கள் நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருக்கிறதா என்று எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே கேளுங்கள், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பேங்க் பிரதான கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும்.

பெண் ஆய்வாளர்களுக்கான வைஸ் கிரண் திட்டங்களைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் தளத்தில் இருக்கிறது. வணக்கம்.