அட்டையில் ஒரு ஹரிகேன்

நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரியில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் தகட்டு வேலை கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களைக் காகித அட்டையில் சிறு மாதிரிகளாகச் செய்துவருகிறேன். பேரப்பிள்ளைகள் செய்யவேண்டியதைத் தாத்தா செய்கிறார் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். நானோ என் பழைய தொழிலையே கத்தரிக்கோலால் தொடர்வதாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

போர்க்கால பிரிட்டனில் உலோகமும் மரமும் தட்டுப்பாடாக இருந்தபோது, அஞ்சலட்டை அளவுத் தாளில் அச்சிட்ட மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. போலந்தில் 1957 முதல் இதற்கென்றே ஓர் இதழ் வெளிவந்தது. அட்டை விமானங்களுக்கு இன்று பெரிதும் வழங்குவது 1:33, அதாவது அசலில் முப்பத்துமூன்றில் ஒரு பங்கு என்னும் அளவு. 12.19 மீட்டர் அகல இறக்கை கொண்ட பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிகேன், அந்த அளவில் சுமார் 37 சென்டிமீட்டராகச் சுருங்கி மேசைக்கு வந்துவிடுகிறது.

இனி வேலைக்கு வருகிறேன். ஒரு தாளை உருளையாகச் சுருட்டலாம், கூம்பாகவும் சுருட்டலாம். ஆனால் ஒரு பந்தின்மேல் சுருக்கம் விழாமல் அதைப் போர்த்த முடியாது. எண்ணெய்ப் புனல் செய்கிற தகரக்காரருக்கும் இது தெரியும். ஆகவே விமானத்தின் உடலைக் குறுகிய வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்தையும் நுனி வெட்டிய கூம்பாகக் கொண்டு, அதைத் தட்டையாக விரித்தால் என்ன வடிவம் வருமோ அதைத் தாளில் வரைந்து, வெட்டி, சுருட்டி, ஒன்றோடொன்று ஒட்டுகிறோம். வகுப்பில் இதை விரிப்பு வரைபடம் என்று சொல்லிக்கொடுத்தபோது கொட்டாவி விட்ட மாணவர்களிடம், அன்றே ஒரு விமானத்தைக் காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஹரிகேனின் பின்னுடல், எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மீது மெல்லிய மரச்சட்டங்களை நீளவாக்கில் பொருத்தி, அதன்மேல் துணி போர்த்திச் செய்யப்பட்டது. சட்டத்துக்குச் சட்டம் துணி இழுபட்டு நிற்பதால், அட்டையில் கோடு கீறி இலேசாக மடித்தாலே அசலின் சாயல் வந்துவிடுகிறது. அதே காலத்து மற்றொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் அப்படி வழிக்கு வராது. அதன் நீள்வட்ட இறக்கை கண்ணுக்கு அழகு, கைக்குத் தொல்லை. அந்த இறக்கையைத் தகட்டில் செய்யத் தொழிற்சாலைகளே தொடக்கத்தில் திணறின. 1940இல் பிரிட்டனைக் காத்த வான்போரில் ஸ்பிட்ஃபயரைவிட ஹரிகேன்களே அதிகம் இருந்ததற்கு, கட்டுவதற்கு அது எளிதாக இருந்ததும் ஒரு காரணம். இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்திருந்தேன். விரல் நுனியில் உணர்ந்தது இரண்டையும் ஒட்டிப் பார்த்த பிறகுதான்.

நமக்கு அடுத்த பெங்களூரில், வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் தொடங்கிய விமானத் தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்தது. அங்கிருந்த தகட்டுக்காரர்களும் இதே கணக்கைத்தான் சுத்தியலோடு போட்டிருப்பார்கள்.

செலவு குறைவு. ஜெராக்ஸ் கடையில் சற்றுத் தடித்த தாளில் அச்செடுத்தால் போதும். உள்ளே நிற்கும் குறுக்குச் சட்டங்களுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைவிட நல்ல பொருளை நான் கண்டதில்லை. மடிக்குமுன் கோடு கீற மை தீர்ந்த பேனா ரீஃபில் உதவும். வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரியாமலிருக்க, ஒட்டுவதற்கு முன்பே அங்கு வண்ணம் தொட்டுவிட வேண்டும். பசையை மட்டும் ஈர்க்குச்சியால் தொட்டு வையுங்கள். அவசரத்தில் நான் தாராளமாகத் தடவிய ஃபெவிகாலின் ஈரத்தில், ஒரு மாத வேலையான ஓர் இறக்கை, காய்ந்தபோது வெற்றிலைபோல் சுருண்டுவிட்டது. ஐப்பசி மழை நாட்களில் இதே காரணத்தால் நான் வெட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, ஒட்டுவதைத் தள்ளிவைக்கிறேன்.

தற்போது கையிலிருப்பது லைசாண்டர். 1942இன் தொடக்கத்தில் பர்மாவுக்குச் சென்ற இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன், மஜும்தாரின் தலைமையில், தரைப்படைக்குத் துணையாக வேவு பார்ப்பதற்கென்று உருவான இந்த மெதுவான விமானத்திலேயே குண்டுகளைப் பொருத்தி ஜப்பானியத் தளத்தைத் தாக்கியது. இதன் இறக்கை, உடலுக்கு மேலே, சாய்வான தாங்கு கம்பிகளின் துணையோடு நிற்கிறது. அட்டையில் 46 சென்டிமீட்டர் வரும் அதன் பாரத்தை அந்தக் கம்பிகள் தாங்கவேண்டும் என்பதால், மூங்கில் குச்சியைச் சீவி உள்ளே வைத்திருக்கிறேன். இடது பக்கம் நேராக நிற்கிறது. வலது பக்கத்தை நாளைக் காலை பிரித்து மறுபடி ஒட்டவேண்டும். வணக்கம்.